பென்சில்ல போட்ட ஒரு கேள்விக்குறி

21 மாசம் கழிச்சு இன்க்ரிமென்ட் அரியர் நேத்துதான் ஏறுச்சு. சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் ஜாஸ்தி, கொட்டித் தீர்த்துக்கிறேன்.

அரசு பல்கலைக்கழகம் ஒண்ணுல ஜூனியர் அசிஸ்டன்ட் நான். வேலை கடலோரத்து சின்ன சென்டர்ல, வீடு தேவிபட்டினம், சம்பள பில் மட்டும் தூரத்துல இருக்குற மெயின் ஆபீஸ்ல. சம்பள லெவல் 8, 19,500-ல ஆரம்பிச்சு வருஷத்துக்கு 3 சதவீதம் ஏறும். ஒரு ஜூலையில 21,900 ஆயிருக்கணும், ஆகல. லேட்டா போடுவாங்கன்னு இருந்துட்டேன், முட்டாள்தனம். அடுத்த ஜூலையும் அதே 21,300. என்கூட ஒரே நாள்ல சேர்ந்தவன் பே ஸ்லிப்ல 22,600-ன்னு பாத்ததும்தான் பகீர்னுச்சு.

போன் போட்டா "எஸ்.ஆர் ஆடிட்டுக்கு போயிருக்கு தம்பி". எஸ்.ஆர்னா நம்ம லீவ், சம்பளமெல்லாம் பதியுற பணிப்பதிவேடு. ஆறு மாசமும் இதே பாட்டு. சரின்னு சி.எல் (கேஷுவல் லீவ்) போட்டு கிளம்புனேன், அன்னைக்கு தை அமாவாசைங்கிறதே மண்டையில இல்ல. எங்க ஊர் கடலுக்குள்ள இருக்குற நவபாஷாணத்துக்கு தர்ப்பணம் பண்ண வர்ற கூட்டம், வேன், பஸ்ஸுன்னு ரோடே அடைச்சுக் கிடக்க, ராம்நாடு பஸ் ஸ்டாண்டை பிடிக்கவே வெயில் ஏறிருச்சு, அங்கேருந்து ரெண்டு பஸ் மாறி மத்தியானம் போய் நின்னா சூப்பிரண்டு லீவாம். எங்கே போயிருக்காருன்னு கேட்டேன். தேவிபட்டினம். அப்பாவுக்கு திதி குடுக்க எங்க ஊருக்கே போயிருக்காரு மனுஷன்!

ரெண்டாவது தடவை ஆள் இருந்தாரு, எஸ்.ஆரும் அங்கேயே பீரோவுலதான் இருந்துச்சு. பிரிச்சா, டெங்கு வந்து 34 நாள் படுத்தப்ப எடுத்த லீவ் பதிவுக்கு நேரா ஓரத்துல பென்சில்ல 'எல்.ஓ.பி?'ன்னு, அதாவது சம்பளமில்லா லீவான்னு, யாரோ எழுதி வச்சிருக்காங்க. அம்புட்டுதான். அந்த கேள்விக்கு யாரும் பதில் எழுதல, எனக்கும் ஒரு மெமோ கூட அனுப்பல, இன்க்ரிமென்ட்டை மட்டும் நிப்பாட்டிட்டாங்க.

மெடிக்கல் சர்டிபிகேட் வச்சு எடுத்த சம்பளமில்லா லீவ் இன்க்ரிமென்ட்டுக்கு கணக்குல சேரும், அடிப்படை விதி 26-ஐ பாருங்க. அப்படியே சேராதுன்னாலும் அந்த 34 நாளுக்குத்தானே தள்ளிப்போகணும், ரெண்டு வருஷமா நிக்கும்? இதைக் கேட்டதுக்கு "ப்ரொசீடிங்ஸ்ல மருத்துவச் சான்றின் பேரில்னு வார்த்தை இல்லையே"ன்னாரு. ப்ரொசீடிங்ஸ்னா அந்த லீவ் ஆர்டர்தான், வாங்கிப் பாத்தா நெசமாவே இல்ல. ஆர்டர் வந்தன்னைக்கு படிக்காம கையெழுத்து போட்டு வாங்குனது நான்தான், யாரைக் குத்தம் சொல்ல.

திருத்தின ஆர்டர் எங்க சென்டர்லயே ஒரு வாரத்துல கிடைச்சிருச்சு. மூணாவது தடவை அதைக் குடுத்ததும் செக்‌ஷன்ல ஒரு அக்கா, சேலை முந்தானைல கண்ணாடியைத் துடைச்சு மாட்டிட்டு, ரப்பரை எடுத்து அந்த கேள்விக்குறியை அழிச்சு தூசியை ஊதி விட்டாங்க. ரெண்டு செகண்டு வேலை!

லீவ் ஆர்டர் வந்தா வார்த்தைக்கு வார்த்தை படிங்கப்பா. டூப்ளிகேட் எஸ்.ஆர் ஒண்ணு கையில வச்சுக்கங்க, வருஷா வருஷம் ஒரிஜினலோட ஒத்துப் பாத்து கையெழுத்து போடுங்க. லெட்டர் குடுத்தா காப்பியில தபால் சீல் வாங்காம நகராதீங்க, போன்ல பேசுனதுக்கெல்லாம் சாட்சி கிடையாது. வாத்தியார்மாருக்கும் இதே கதைதான், அவங்க லெவல் 10, ஆரம்பமே 57,700, ஆனா உக்கார்றது என்னவோ அதே பெஞ்சுலதான். அங்க பழக்கமான ஒரு அசிஸ்டன்ட் புரொஃபசர் சாருக்கு பெரிய அரியர் வந்து, அரியருக்கு வரிச்சலுகை கேக்குற 10இ ஃபாரத்தை ஆன்லைன்ல போடாமலே வருமான வரி ரிட்டர்ன் பண்ணி, அந்த சலுகை கிடைக்காம நோட்டீஸ் வந்துச்சாம்.

எனக்கு 12 மாசம் 600, 9 மாசம் 1,300, ஆக பேசிக் மட்டும் 18,900. மேல டி.ஏ. (அகவிலைப்படி), மொத்தத்துலேருந்து சி.பி.எஸ் பென்ஷனுக்கு 10 சதவீதம் பிடிச்சது போக மிச்சம் வந்துச்சு. மூணு நாள் சி.எல் போனது போனதுதான்.