ஹேண்டோவர் நோட்டும் ஒரு பெயரும்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் ஆலையின் மெக்கானிக்கல் பிரிவையும் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவையும் ஒன்றாக்கி இன்றோடு இரண்டு மாதம். மொத்தம் 12 பேர், பொறுப்பு என்னுடையது. இன்று காலை நடந்ததை எழுதி வைக்காமல் தூக்கம் வராது.

ஓடும் பம்ப் நின்றால் ஓட்ட வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை வெந்நீர் பம்பின் சீல் கசிவதை இரவு ஷிஃப்டில் இருந்த மூத்த மெக்கானிக் கவனித்து, அடுத்த ஷிஃப்டுக்காக எழுதி வைக்கும் ஹேண்டோவர் நோட்டில் எழுதியிருக்கிறார். "சீல் லீக். ஓட்ட வேண்டாம்." அடியில் இரண்டு கோடு வேறு. காலையில் வந்த இருவரும் நோட்டைத் திறக்கவில்லை. அவர்களுக்கு ஷிஃப்ட் மாற்றம் என்றால் போனில் இருக்கும் குரூப்தான். அதில் ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த பம்ப் டிரிப் ஆகி நின்றதும் ஸ்டாண்ட்பையைத் தட்டிவிட்டார்கள். சீல் பிய்ந்து வெந்நீர் பீறிட்டது. பக்கத்தில் இருந்த பெண் இரண்டடி தள்ளி நின்றதால் தப்பித்தார்.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். அங்கேயும் தொடக்கம் இப்படித்தான். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகலில் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். பயிற்சியில் எத்தனையோ முறை கேட்ட கதை. இன்றைக்குத்தான் அடிவயிற்றில் உறைத்தது.

மார்ச் 4, புதன்

இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கேட்டேன்.

"எழுதி வச்சேனே சார், வேற என்ன செய்யணும்?"

"குரூப்புல போடவே இல்லையே சார்."

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. எது செல்லும், நோட்டா குரூப்பா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதமாகச் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

தலைமை அலுவலகத்தில் இருந்து தலைமுறைகள் பற்றிய பயிற்சி ஸ்லைடுகள் வந்தன. 1997க்கு முன் பிறந்தவர் இப்படி, பின் பிறந்தவர் அப்படி. 1996 டிசம்பரில் பிறந்தவரும் 1997 ஜனவரியில் பிறந்தவரும் வேறு வேறு மனிதர்களா? 2012இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், வேலை திருப்தியிலும் ஈடுபாட்டிலும் தலைமுறைக்குத் தலைமுறை பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2020இல் வெளியிட்ட அறிக்கையும், ஊழியர்களை நிர்வகிக்க இந்தத் தலைமுறைப் பெயர்கள் உதவாது என்றே முடிவு செய்தது. ஸ்லைடுகளை நான் ஓட்டவில்லை. காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பினேன்.

எனக்கு உதவியது வேறொன்று. 1998இல் டோரா லாவ், கீத் மர்னிகன் என்ற இருவர் 'பிளவுக்கோடு' என்று ஒரு கருத்தை எழுதினார்கள். நிலநடுக்கத்தில் பூமி பிளக்கும் கோடு இருக்கிறதே, அதிலிருந்து எடுத்த சொல். ஒரு குழுவில் வித்தியாசம் எத்தனை என்பதைவிட, அவை எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதுதான் முக்கியம். வயது, பாலினம், தொழில் மூன்றும் ஒரே இடத்தில் வெட்டினால் குழு அங்கே பிளக்கும். ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிப் போனால் பிளக்காது.

ராத்திரி ஒரு தாளில் 12 பேரையும் எழுதினேன். மெக்கானிக்கலில் 5 பேர். எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் 50க்கு மேல், எல்லோரும் நோட்டு. இன்ஸ்ட்ருமென்டில் 7 பேர். 30ஐத் தாண்டியவர் யாரும் இல்லை, 4 பெண்கள், ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்), 2 ஆண்கள், எல்லோரும் குரூப். ஸ்கேல் வைத்துக் கோடு போடலாம். அந்தக் கோட்டின் மேல்தான் வெந்நீர் பீறிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

இன்று முதல் ஷிஃப்ட் மாறும்போது 10 நிமிடம், இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, நோட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்த பக்கத்தைப் படம் எடுத்துக் குரூப்பில் போட வேண்டும். போகிறவர், வருகிறவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். இயந்திரங்களைச் சுற்றிப் பார்க்க ரவுண்ட்ஸ் போகும் ஜோடிகளையும் மாற்றினேன், பிரிவுக்கு ஒருவர்.

மார்ச் 12, வியாழன்

குழுவில் இருக்கும் திருநம்பி பெயரை மாற்றிக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. அடையாள அட்டை மாறிவிட்டது. ஆனால் ஒர்க் ஆர்டர் அச்சாகும்போது பழைய பெயர்தான் வருகிறது. தினமும் காலையில் அந்தத் தாள்களைப் பெயர் சொல்லிக் கொடுப்பது வழக்கம். கொடுப்பவர் பழைய பெயரைப் படிப்பார், ஒரு நொடி அறை அமைதியாகும், அவர் எழுந்து வந்து வாங்கிக்கொள்வார். ஒரு நாளைக்கு ஆறேழு தாள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். இத்தனை நாள் அது என் கண்ணில் படவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

கம்ப்யூட்டர் பிரிவைக் கேட்டால், சம்பளப் பதிவில் மாறினால்தான் இங்கே மாறும் என்றார்கள். சரி, அச்சில் வரும் பெயர் மட்டும் தனி இடத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. மாற்ற இரண்டு நிமிடம் ஆயிற்று.

அவருடைய விடுப்புப் படிவத்தையும் பார்த்தேன். சிகிச்சைக்கு எடுத்த விடுப்பை யாரோ 'மனநோய்' என்ற தலைப்பில் பதிந்திருக்கிறார்கள். 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பிறப்பில் பதிந்த பாலினமும் தான் உணரும் பாலினமும் பொருந்தாத நிலையை மனநோய்ப் பகுதியில் இருந்து எடுத்து, பாலியல் நலம் சார்ந்த பகுதியில் வைத்திருக்கிறது. இதை எழுதி, பதிவைத் திருத்தக் கேட்டிருக்கிறேன்.

எல்லோரையும் கூட்டி ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "வேண்டாம் சார், நானே ஒவ்வொருத்தரா பேசிக்கிறேன்" என்றார். நல்ல வேளை, கூட்டத்துக்கு முன்னாடியே கேட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

கையுறை. ஸ்டோரில் இருப்பது பெரியதும் மிகப் பெரியதும்தான். பெண்களில் ஒருவர் வால்வைத் திருகும்போது பார்த்தேன். விரல் நுனிக்கு மேல் ஒரு அங்குலம் காலியாகத் தொங்கி, சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவே போய்ச் சிக்கியது. அப்புறம் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் திருகினார். பாதுகாப்பு விதியை மீறுகிறார் என்று அவர் மேல்தான் இரண்டு முறை குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது.

2019 மார்ச்சில் நாசா, இரண்டு பெண்கள் மட்டும் போகவிருந்த முதல் விண்நடையில் ஆளை மாற்ற வேண்டி வந்தது. நடுத்தர அளவு உடையின் மேல்பகுதி ஒன்றுதான் தயாராக இருந்தது. அக்டோபர் 18 அன்றுதான் அந்த நடை நடந்தது. அளவு கிடைக்காததை ஆளின் குறையாக எழுதக் கூடாது. அந்த இரண்டு குறிப்புகளையும் நீக்கினேன். சிறிய அளவில் 40 ஜோடி ஆர்டர் போட்டாயிற்று. மூத்தவர்களில் ஒருவரும் சின்ன அளவு கேட்டார். இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு" என்றார்.

மார்ச் 20, வெள்ளி

பெண்கள் நால்வரும் ஏன் எப்போதும் பகல் ஷிஃப்டிலேயே இருக்கிறார்கள்? யாரும் அப்படி உத்தரவு போடவில்லை. பட்டியல் எழுதும் மூத்தவர் "அவங்க பாதுகாப்புக்குத்தான் சார்" என்றார். உண்மையான அக்கறைதான், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இயந்திரத்தைப் பிரித்துச் சரிசெய்யும் முழு ஓவர்ஹால் நடப்பது இரவில். பதவி உயர்வுக்கு மூன்று ஓவர்ஹால் காட்ட வேண்டும். நால்வர் கணக்கிலும் பூஜ்யம்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919இல் போட்ட 4ஆம் உடன்படிக்கை, தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலைக்குத் தடை விதித்தது. 1990இல் வந்த 171ஆம் உடன்படிக்கை, இரவில் வேலை செய்கிற யாராக இருந்தாலும் பாதுகாப்பு வேண்டும் என்று பேசுகிறது. அந்த 71 வருட மாற்றத்தை அவரிடம் சொன்னேன். பம்ப் ஹவுஸ் பின்பக்கம் விளக்கு இல்லை, வீட்டுக்குப் போக வண்டி இல்லை, தனியாள் ரவுண்ட்ஸ். இதெல்லாம் அவருக்கும் ஆபத்துதானே? யோசித்தார். "எனக்கே போன வருஷம் அங்க கால் இடறிச்சு" என்றார். விளக்குக்கும் வண்டிக்கும் கோரிக்கையை இருவரும் சேர்ந்து எழுதினோம். பெண்களிடம் விருப்பம் கேட்டதில் மூவர் இரவு ஷிஃப்டுக்கு வருகிறேன் என்றார்கள். ஒருவருக்கு வீட்டில் கைக்குழந்தை, இப்போதைக்கு வேண்டாம் என்றார். அதுவும் சரிதான்.

மார்ச் 26, வியாழன்

இன்று மாலை எல்லோரும் போன பிறகு, அந்த மூத்த மெக்கானிக் என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அவரை என்னன்னு கூப்பிடறது? மூணு வருஷமா 'வாம்மா, போம்மா'ன்னே பழகிட்டேன். வாய் தவறி வந்துடுமோன்னு பேசறதையே விட்டுட்டேன்."

திருநம்பியைப் பற்றித்தான் கேட்கிறார். எட்டு மாதம் அவரிடம் பேசவில்லை. நான் அதை வெறுப்பு என்றே நினைத்திருந்தேன். அவரோடு ஜோடி போட்டால் சிக்கல் வரும் என்று பயந்து, இந்த இருவரை மட்டும் சேர்க்காமல் விட்டிருந்தேன். கேட்கவே இல்லாமல் நானாக எழுதிய கணக்கு அது.

ஆளைப் பற்றி மற்றவரிடம் பேசும்போது நம் மொழி எளிது. அவர் வந்தார் என்றால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே இல்லை. நேரில் கூப்பிடும்போதுதான் அம்மா, தம்பி, டா எல்லாம் வந்து நிற்கின்றன. "அவரையே கேளுங்களேன்" என்றேன்.

மார்ச் 31, செவ்வாய்

அந்த இருவரும் இன்று இரவு ரவுண்ட்ஸில் ஒன்றாகப் போனார்கள். நானும் கூடப் போனேன். மூன்றாவது பம்பில் மூத்தவர் ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். இளையவர் வைப்ரேஷன் மீட்டரை வைத்தார். மீட்டரில் எண் வரம்புக்குள்தான் இருந்தது.

"இல்ல தம்பி, உள்ள கரகரங்குது. நீ கேளு."

ஸ்க்ரூடிரைவர் கை மாறியது. அவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு போனில் கடந்த மூன்று வார அளவுகளை எடுத்து, "அண்ணே, மெதுவா ஏறிக்கிட்டுதான் இருக்கு பாருங்க" என்று காட்டினார். பேரிங் மாற்ற வேண்டும் என்று நோட்டில் ஒருவர் எழுத, மற்றவர் படம் எடுத்தார்.

விளக்கு வந்துவிட்டது. வண்டிக்கு இன்னும் பதில் இல்லை. சம்பளச் சீட்டில் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. நாளை காலை முதல் வேலையாக அதைக் கேட்க வேண்டும்.