இசைத்தட்டில் ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர்

ஜமைக்காவின் கிங்ஸ்டனைச் சேர்ந்த ஒரு குடும்ப இசைப் பதிப்பகத்தின் ரெகே பாடல்களுக்கு லண்டனில் பிரதிநிதியாக இருப்பது எங்கள் சிறிய அலுவலகத்தின் பணி. ஒப்பந்தமும், உரிமைத்தொகையை வசூலித்துப் பிரித்துத் தரும் உரிமைச் சங்கத்தில் பாடல்களைப் பதியும் வேலையும் தொல்லையின்றி முடிந்தன. ஒரே ஒரு பாடல் மட்டும் எங்களைப் பதினான்கு மாதங்கள் அலைக்கழித்தது.

எழுபதுகளில் வெளியான அந்த ஏழு அங்குல இசைத்தட்டின் லேபிளில், தலைப்புக்குக் கீழே அடைப்புக்குறிக்குள், பாடலை இயற்றியவரின் பட்டப்பெயர் மட்டும், அதுவும் ஓர் எழுத்து விடுபட்டு, அச்சாகியிருந்தது. அவர் காலமாகிவிட்டார், மகள்தான் வாரிசு. மகளின் சார்பில் பதிவு அனுப்பியபோதுதான், முழுப் பங்கையும் தயாரிப்பாளரின் குடும்பம் முன்பே தன் பெயரில் பதிந்திருந்தது தெரியவந்தது. இரு தரப்பும் நூறு நூறு சதவீதம் கோரினால் உரிமைச் சங்கம் தீர்ப்பு வழங்காது. தகராறு தீரும்வரை தொகையை நிறுத்திவைக்கும்.

ரெகேயில் இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒரே ரிடிமின் (பாட்டுக்கு அடியில் ஓடும் பாஸ், தாள இசையின்) மீது பலர் பாடுவதும், தட்டின் மறுபக்கத்தில் அதே இசை 'வெர்ஷன்' என்று வருவதும் அங்கே வழக்கம். 1985-இல் வந்த ஸ்லெங் டெங் ரிடிமின் மீது மட்டும் நூற்றுக்கணக்கான பாடல்கள் எழுந்தன. ஸ்டுடியோவில் கையில் கொடுத்த பணத்தோடு வீடு திரும்பிய பாடகரிடம் ஒரு காகிதமும் இருக்காது. ஜமைக்காவுக்கெனச் சொந்தப் பதிப்புரிமைச் சட்டம் வந்ததே 1993-இல்தான். அதுவரை பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டமே அங்கு செல்லுபடியாயிற்று.

பட்டப்பெயருக்கு உரியவரும் இறப்புச் சான்றிதழில் உள்ளவரும் ஒருவரே என்று நிரூபிக்கும்படி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அலுவலகம் கேட்டது. நான் கிங்ஸ்டனுக்குப் பறந்தேன். அந்தப் பாடலுக்கு பாஸ் கிட்டார் வாசித்த முதியவர், நடுங்கும் விரல்களால் மேசையில் தான் அன்று வாசித்த பாஸ் வரிசையைத் தட்டிக் காட்டிவிட்டு, கையெழுத்துக்குச் சாட்சியம் அளிக்கும் அதிகாரம் கொண்ட ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ் முன்னிலையில் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். வெற்றியோடு திரும்பினேன். எதிர்த்தரப்பு அலுவலக எழுத்தரோ முதல் பக்கத்தைப் புரட்டியதுமே, வெளிநாட்டுப் பத்திரம் என்றால் நோட்டரி முத்திரை வேண்டும் என்றும், இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க மகளுக்குக் கிடைத்த ஆணையின் சாதாரண நகல் போதாது என்றும் திருப்பித் தந்துவிட்டார். முன்பு அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களில் ஒன்றிலாவது இதைச் சொல்லியிருந்தால், எண்பதைக் கடந்த அந்த மனிதரை இரண்டாம் முறை படியேற்றியிருக்க மாட்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே இந்த வேலையில் இறங்குபவர்கள், எந்தச் சான்று, எந்த முத்திரை என்பதை எழுத்தில் வாங்காமல் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். லேபிளின் இரு பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். அன்று உடன் வாசித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய வாக்குமூலத்தைப் பெற்றுவிடுங்கள். வாரிசுகளைத் தேடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டியது அதுதான். வரியும் மெட்டும் யாருடையவை, ரிடிம் யாருடையது என்பதைத் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். நாங்கள் அப்படிப் பிரித்துக் கேட்ட பிறகே எதிர்த்தரப்பு பேச்சுவார்த்தைக்கு இறங்கிவந்தது.

முடிவில் பாதிப் பங்கு மகளுக்கு உறுதியாயிற்று. இயற்றியவரின் பட்டப்பெயரும் அவருடைய ஐபிஐ பதிவோடு, அதாவது உரிமையாளர்களை உலக அளவில் அடையாளம் காட்டும் எண்ணோடு, இணைந்துவிட்டது. பதிவின் நகலை அனுப்பியபோது மகள் முதலில் பார்த்தது தொகையை அல்ல. விடுபட்ட அந்த எழுத்து சேர்ந்துவிட்டதா என்பதைத்தான்.