பின்னாடி பார்த்துச் சொல்பவர் எங்கே நிற்க வேண்டும்

கல்யாண மண்டபத்து வாசலில் டூரிஸ்ட் பஸ் ரிவர்ஸ் வரும்போது நாலு பேர் சுற்றி நின்று "வரலாம், வரலாம்" என்பார்கள். அதில் ஒருவர்கூட டிரைவர் கண்ணில் படமாட்டார். ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயில் வர வேண்டிய ஒரே சொல் "ஹோல்டான்". அதை மட்டும் யார் சொன்னாலும் வண்டி நிற்க வேண்டும்.

வண்டியை உள்ளே விடுவதற்கு முன் இடத்தை நடந்து பாருங்கள். பஸ் பாடியின் அகலம் சுமார் 2.6 மீட்டர், கண்ணாடிகளோடு மூன்றைத் தொடும். பெரிய எட்டாக நாலு எட்டு. கண்ணாடியை மடக்கி நுழைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நீங்கள் டிரைவருக்குத் தெரிவதே அதில்தான். மேலே கேபிள், மரக்கிளை, தகர ஷெட் விளிம்பு. கீழே சாக்கடை ஸ்லாப். லோடு லாரியின் பின் அச்சு ஒன்றிலேயே பத்து டன் இறங்கும், ஆள் நடக்கப் போட்ட ஸ்லாப் அதைத் தாங்காது.

நிற்க வேண்டிய இடம் டிரைவர் சைடு, அதாவது வண்டியின் வலது பக்கம். பின் பம்பரிலிருந்து மூன்று நாலு மீட்டர் தள்ளி, பாடி வரும் கோட்டுக்கு வெளியே. அவர் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. டிரைவருக்கும் அதே கணக்கு: ஆள் கண்ணாடியிலிருந்து மறைந்தால் உடனே பிரேக். பின்னோக்கி நடந்துகொண்டே கை காட்டக் கூடாது, தடுக்கி விழுந்தால் சக்கரத்துக்கு நேரே கிடப்பீர்கள். இடம் மாற வேண்டுமானால் வண்டியை நிறுத்திவிட்டு மாறுங்கள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். பாடியைத் தட்டிக்கொண்டே கூட வரும் பழக்கமும் வேண்டாம். கை எட்டும் தூரம் என்றால் வண்டியும் உங்களை எட்டும்.

"லெஃப்ட்", "ரைட்" என்றால் யாருடைய லெஃப்ட் என்ற குழப்பம் வரும். "டிரைவர் சைடு ஒடி", "கிளீனர் சைடு ஒடி", "நேராக்கு" போதும். ஒடி என்றால் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் திருப்பு, கிளீனர் சைடு என்றால் வண்டியின் இடது பக்கம். டிரைவர் சைடு ஒடித்தால் வால் அந்தப் பக்கம் வரும், மூக்கு கிளீனர் சைடில் வெளியே வீசும். பின்னாடி நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் முன் மூலையில் இன்னொருவர் வேண்டும், "ஹோல்டான்" சொல்ல மட்டும்.

திருத்தி எடுக்க வண்டியை முன்னால் விடும்போதும் அடிபடலாம். 222 இன்ச் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) பஸ்ஸில் பின் சக்கரத்துக்குப் பின்னால் மூன்று மீட்டர் அளவுக்குப் பாடி நீண்டிருக்கும். கிளீனர் சைடு ஃபுல்லா ஒடித்து முன்னேறினால் அந்த வால் டிரைவர் சைடுக்கு, நீங்கள் நிற்கும் பக்கத்துக்கே, வீசும். அவர் முதல் கியர் போடுமுன் நகர்ந்துவிடுங்கள்.

மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் ஒரு நொடியில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கடந்துவிடும். சொல்லைக் கேட்டு பிரேக் மிதிக்க அந்த ஒரு நொடி ஆகும். ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும்போதே "ஹோல்டான்" சொல்லுங்கள். பிறகு வேண்டுமானால் ஒரு சாண், ஒரு சாணாக விடலாம். இரவில் டார்ச்சைச் சுவர் மேலும் தரையிலும் அடியுங்கள், கண்ணாடியில் அடித்தால் அவருக்கு எதுவுமே தெரியாது.

ஹேண்ட் பிரேக்கின் 'புஸ்' சத்தம் கேட்ட பிறகே, சக்கரம் உருளாமல் தடுக்கும் கட்டையை வைக்கப் போங்கள். கட்டை, சக்கரத்தின் சரிவுப் பக்கத்தில்.