ரெசிடென்சி விலாயா: விண்ணப்பிக்கும் முன் நடந்து பாருங்கள்

கோலாலம்பூரில் மலிவு வீட்டுக்கு விண்ணப்பித்து, கடன் எடுத்து, சாவி வாங்கும் வரை பார்த்தவற்றை எழுதுகிறோம். ருமாவிப் என்று 2013-இல் தொடங்கி, பிறகு ரெசிடென்சி விலாயா எனப் பெயர் மாறிய திட்டம் இது. விலை 300,000 ரிங்கிட்டைத் தாண்டாது. பெரும்பாலும் 800 சதுர அடி, மூன்று அறை. விலையும் அளவும் எங்கும் ஏறக்குறைய ஒன்று என்பதால், எந்த இடம் என்பதற்குத்தான் மெனக்கெட வேண்டும்.

விளம்பரத்தில் ‘எல்ஆர்டிக்கு 500 மீட்டர்’ என்று, அதாவது நகர ரயில் நிலையத்துக்கு அவ்வளவுதான் தூரம் என்று, போட்டிருப்பார்கள். பல நேரம் அது வரைபடத்தில் நேர்கோடு இழுத்த தூரம். நடுவே கேடிஎம் ரயில் தண்டவாளமோ டியூக் நெடுஞ்சாலையோ வந்தால் சுற்றித்தான் போகவேண்டும். செந்தூல் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு இது தெரியும். மாலை ஆறரைக்கு, முடிந்தால் மழை நாளில், நிலையத்திலிருந்து கட்டுமான இடம் வரை நடந்து பாருங்கள். நடைபாதை பாதியில் தீர்ந்துபோய்ச் சாக்கடை மூடிமேல் நடக்க வைக்கிறதா, மோட்டார் சைக்கிள்கள் அடைத்து நிற்கின்றனவா, விளக்கு எரிகிறதா? வயதான அம்மா வீட்டில் இருந்தால், படி மட்டுமே உள்ள பாலத்துக்கு அப்பால் இருக்கும் நிலையம் அவருக்கு இல்லாத மாதிரிதான். கிளினிக், தமிழ்ப்பள்ளி, மளிகைக்கடைக்கும் இதே சோதனை.

நடை ஏன் முக்கியம் என்றால், பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்துமிடம்தான். கணக்கும் அதையே சொல்லும். 270,000 ரிங்கிட் கடன், 35 ஆண்டு, வட்டி 4 விழுக்காடு என்றால் மாதம் சுமார் 1,195. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 25 சென் என்றால் 200. அதில் 10 விழுக்காடு சிங்கிங் ஃபண்ட் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு), 20. ஆக 1,415. இதன் தலையில் இரண்டாவது காரின் தவணையும் ஏறினால் நாலாயிரம் சம்பளம் தாங்காது. ரயிலிலும் பேருந்திலும் போக மை50 பாஸ் எடுத்தால் 30 நாளைக்கு 50 ரிங்கிட்தான்.

விண்ணப்பம் இணையத்தில்தான். ஐசி (அடையாள அட்டை), மூன்று மாதச் சம்பளச் சிலிப், இபிஎஃப் (சேமநிதி) அறிக்கை, மணமானவர்களுக்குத் திருமணச் சான்றிதழ் முதலியவை தேவை. தனியாள் மாத வருமானம் 10,000 வரை, தம்பதிக்குச் சேர்த்து 15,000 வரை.

வீட்டுக்குப் பெயர் தேர்வாகி வந்தபிறகுதான் பலர் வழுக்குகிறார்கள். வங்கிக் கடனைத் தடுப்பது பெரும்பாலும் சிக்ரிஸ் எனும் கடன் வரலாற்று அறிக்கை; கடந்த 12 மாதத் தவணைகள் அதில் அப்படியே தெரியும். பிடிபிடிஎன் (உயர்கல்விக் கடன்) பாக்கியும் அதில் வரும். விண்ணப்பிக்கும் முன்பே மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இணையச் சேவையில் இலவசமாக எடுத்துப் பாருங்கள். நிரந்தரச் சம்பளம் இல்லாத லாரி ஓட்டுநர், கடைக்காரர்கள் வங்கியில் எஸ்ஜேகேபி எனும் அரசு வீட்டுக்கடன் உத்தரவாதம் பற்றிக் கேட்கலாம். வீட்டைப் பத்து ஆண்டுக்கு விற்க முடியாது, வாடகைக்கு விடவும் கூடாது. முதலீடு என்று நினைத்து இதற்கு வராதீர்கள்.

சாவி கிடைத்த நாளிலிருந்து 24 மாதம் பழுதுகளுக்கு வீட்டைக் கட்டிய மேம்பாட்டாளர் பொறுப்பு. குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வாசல் பக்கம் ஓடினால் சரிவு தப்பு. வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாது, எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.