தோர்னக்கல்லில் அசரியா அத்தியட்சரின் ஆலயம்

திருநெல்வேலிச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அசரியா அத்தியட்சர் பெயர் தெரியாமல் இருக்காது. ஆங்கிலிக்கன் திருச்சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபின், முதல் இந்தியப் பேராயர் (அத்தியட்சர் என்பதும் அதே பதவிதான்) என்று ஓய்வுநாள் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தோர்னக்கல்லுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தபோது அந்தப் பட்டத்தைவிட, அதற்கு முன்னால் அவர் எடுத்த முடிவுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

தோர்னக்கல் தெலங்கானாவில், விஜயவாடா - காசிப்பேட்டை ரயில் பாதையில் இருக்கும் சின்ன ஜங்ஷன். அன்றைக்கு அது நிஜாம் சீமை. 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்து, மெஞ்ஞானபுரத்திலும் அப்புறம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் செயலராக ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்த மனிதர் அசரியா. 1902இல் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். இத்தனை சபைகள் இருக்கும் திருநெல்வேலி ஏன் யாரையும் அனுப்பவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. மறு வருஷமே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. தோர்னக்கல் பக்கம்தான் அதன் ஊழியக் களம்.

அதோடு நின்றிருந்தாலும் அவரைக் கொண்டாடியிருப்போம். மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தான் சென்னையில் இருக்க அவருக்கு மனசு வரவில்லை. 1909இல், முப்பத்து நாலு வயதில், இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, குருப்பட்டம் பெற்று, தெலுங்கை அரிச்சுவடியிலிருந்து படித்துக்கொண்டு, தன் சங்கத்தின் சாதாரண மிஷனெரியாக இங்கே வந்து சேர்ந்தார். மூன்று வருஷம் கழித்து, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஓர் இந்தியர் வெள்ளைக்கார ஊழியர்களுக்கு மேலே இருப்பதா என்று அப்போது எதிர்ப்பு இருந்தது, கிறிஸ்தவர்களிடமிருந்தே. சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் விடாமல் பின்னால் நின்றார்.

ஆலயத்துக்கு வருகிறேன். ஞானிகள் குழந்தை இயேசுவைத் தேடி வந்ததை நினைவுகூரும் பிரசன்னத் திருநாளின் பெயரில் கட்டி, 1939இல் அதே திருநாளன்று, ஜனவரி 6ஆம் தேதி பிரதிஷ்டை செய்தது. நம்மூர் கூர்கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் கும்மட்டமும் மினாரும் வரவேற்கும். உள்ளே கோவில் மண்டபத்தைப் போலத் தூண்கள். கல்லில் தாமரை. ஒரு தூணில் கைவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், வெயில் நேரத்திலும் கல் குளுகுளுவென்று இருந்தது. இந்த மண்ணில் இருக்கிற எல்லாக் கைவேலையும் ஆண்டவருக்கு ஆகும் என்று அந்த மனிதர் உண்மையாகவே நம்பியிருக்கிறார். கும்பகோணத்தையும் ஹைதராபாத்தையும் பார்த்தவர்களுக்கு இந்த ஆலயம் அந்நியமாகவே தெரியாது.

அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் அவர்கள் கிராமங்களுக்குப் போய், மரத்தடியில் உட்கார்ந்து உபதேசித்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தலையில் கைவைக்கச் சொல்லி, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பாராம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரர் அதைச் சொல்லிவிட்டுத் தன் தெருவுக்குத் திரும்பிப் போவதை நினைத்துப் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. அவர் காலத்திலேயே அந்த அத்தியட்சாதீனத்தின், அதாவது அவர் பொறுப்பில் இருந்த திருமண்டலத்தின், விசுவாசிகள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இதில் அன்பு மரியம்மாள் அம்மாவை விட்டுவிடக் கூடாது. வரதட்சணை வாங்காமல் 1898இல் அவர் கட்டிய மனைவி, பெண்கள் நடுவே அம்மா செய்த வேலை இல்லாமல் அந்த வளர்ச்சி இல்லை.

1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்காரர்கள் நடுவில் நின்று அவர் சொன்னதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம்: ஏழைகளுக்காக உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள். மற்றவர்களிடம் கேட்ட அந்தச் சிநேகத்தை, சாதியால் தள்ளப்பட்டவர்களுக்குத் தானே முப்பது வருஷத்துக்கு மேல் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. நம் சபைகளில் சாதி இன்னும் தேர்தல் வரைக்கும் வந்து நிற்கிறதே, அந்த வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

1945 ஜனவரி 1 அன்று அவர் காலமானார். தென்னிந்தியாவின் திருச்சபைகள் ஒன்றாக இணைய வேண்டும் என்று 1919 தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து பாடுபட்டவர், தென்னிந்தியத் திருச்சபை உருவான 1947 செப்டம்பர் 27ஐப் பார்க்கவில்லை. கல்லறை அந்த ஊரிலேயேதான்.

போகிறவர்கள் ஞாயிறு காலை ஆராதனைக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். தெலுங்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாவ அறிக்கை எப்போது, விசுவாசப் பிரமாணம் எப்போது என்று நமக்குத் தெரியும், மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம்.