கிஸ்கிட் எக்ஸாம்: நிஜ மெஷின்ல ஒரு ஜாப் ஓட்டிட்டுப் போங்க

ஒருவழியா ரெண்டாவது தடவைல ஐபிஎம் கிஸ்கிட் (குவாண்டம் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதற பைதான் டூல்) டெவலப்பர் எக்ஸாம் பாஸ். போன தடவை ஃபெயில் ஆனப்போ ஒரு வாரம் யார்கிட்டயும் சரியா பேசல, அதான் சூட்டோட சூடா எழுதிடறேன்.

முதல் தடவை நான் எல்லாத்தையும் லேப்டாப் சிமுலேட்டர்லயே ஓட்டிப் பாத்தேன், அங்கதான் தப்பு. சிமுலேட்டர் எதைக் குடுத்தாலும் வாங்கிக்கும், நிஜ குவாண்டம் மெஷின் வாங்காது. ஐபிஎம்மோட ஹெரான் குவாண்டம் சிப்புக்கு சிஇசட், ஆர்இசட், எஸ்எக்ஸ், எக்ஸ்னு கொஞ்சம் கேட்தான் (கியூபிட், அதாவது குவாண்டம் பிட் மேல செய்யற அடிப்படை ஆபரேஷன்) தெரியும், சிஇசட்டும் சிப்புல ஒண்ணோட ஒண்ணு நேரா இணைஞ்ச கியூபிட்டுக்கு நடுவுலதான். டிரான்ஸ்பைல் பண்ணாம (அதாவது சர்க்யூட்டை சிப்புக்குத் தெரிஞ்ச கேட்டா மாத்தாம) ஹடமார்ட் கேட்டை அப்படியே அனுப்பினா எரர்தான். 2024 மார்ச்ல இருந்து இப்படித்தான், நான் உருப்போட்ட நோட்ஸ் அதுக்கு முந்தினது.

இந்தத் தடவை ஐபிஎம்மோட நிஜ மெஷினை ஃப்ரீயா ஓட்ட விடற ஓபன் பிளான் எடுத்தேன். 28 நாளுக்கு 10 நிமிஷம் ஃப்ரீ, க்யூல நிக்கற நேரம் அதுல சேராது. ராத்திரி ஒரு பெல் ஸ்டேட் சர்க்யூட் (ரெண்டு கியூபிட்டும் எப்பவும் ஒரே பதில் குடுக்கற மாதிரி பிணைக்கறது) அனுப்பிட்டு ஜாப் ஐடியை நோட்ல எழுதி வச்சேன், கொஞ்ச நேரத்துல கரண்ட் போயி வைஃபையும் போச்சு. போச்சேன்னு படுத்துட்டேன். காலைல அந்த ஐடியப் போட்டுக் கேட்டா ரிசல்ட் ரெடியா இருக்கு! 00வும் 11ம் கிட்டத்தட்ட பாதிப் பாதி, கூடவே நாய்ஸால கொஞ்சம் 01, 10. நம்ம லேப்டாப் சர்க்யூட்டை எழுதி அனுப்புது, பதிலுக்கு 0, 1னு பிட் வருது, அவ்ளோதான், நடுவுல கனெக்‌ஷன் அறுந்தாலும் ஜாப் அங்க பத்திரமா இருக்கும். இது புரிஞ்சதும் ஜாப், பேட்ச், செஷன் கேள்வியெல்லாம் தானா விழுந்துச்சு. ஒரு ரிசல்ட்டைப் பாத்துதான் அடுத்தத அனுப்பணும்னா செஷன் (ஓபன் பிளான்ல கிடைக்காது), ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நிறைய ஜாப்னா பேட்ச்.

மத்ததெல்லாம்:
- எஸ்டிமேட்டர்னா (சராசரி மதிப்பு கணக்குப் போடறது) அப்சர்வபிளுக்கும், அதாவது நாம அளக்கற விஷயத்துக்கும், டிரான்ஸ்பைல் ஆன சர்க்யூட்டோட கியூபிட் வரிசைக்குப் பொருந்தற மாதிரி அப்ளை லேஅவுட் போடணும். எனக்கு போன தடவை மார்க் போனது இங்கதான்
- ரிசல்ட்ல வர்ற பிட் வரிசைல கியூபிட் 0 வலது ஓரம்
- சாம்ப்ளர் (அளந்த பிட்டைத் தர்றது) ரிசல்ட்ல கோட்ல data-க்கு அப்புறம் வர்ற பேரு, அளந்த பிட்டை வைக்கற கிளாசிக்கல் ரெஜிஸ்டரோட பேரு, எப்பவும் meas கிடையாது
- எக்ஸிக்யூட் ஃபங்ஷன் சொல்லித்தர்ற வீடியோவ மூடிடுங்க, கிஸ்கிட் 1.0லயே அதைத் தூக்கிட்டாங்க

மாக் டெஸ்ட் நிறைய போடச் சொல்லுவாங்க. எனக்கு அது ஒட்டல, கையால டைப் பண்ணி எரர் வாங்கினாதான் மண்டைல ஏறுது. அந்த 10 நிமிஷத்துல ஒரு 2 நிமிஷமாவது மிச்சம் வைங்க, கடைசி வாரத்துல எஸ்டிமேட்டர் ஜாப் ஒண்ணு ஓட்ட வேண்டியிருக்கும்.