டர்போ காற்று எங்கே போனது?

சங்ககிரியிலிருந்து பெங்களூருக்கு சிமென்ட் லோடு. வாரம் மூன்று நடை. பத்துச் சக்கர வண்டி, 2018 மாடல், பிஎஸ் 4 (புகைக் கட்டுப்பாட்டு விதியின் ஒரு நிலை). சொந்த வண்டி, நானே ஓட்டுகிறேன். சேலம் தாண்டி தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் ஒரு லாரியின் உண்மையான உடல்நிலை தெரியும். 19 டன்னோடு எப்போதும் நாலாவது கியரில் ஏறுகிற இடத்தில், போன ஆடி மாதம் மூன்றுக்கு இறக்க வேண்டி வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற கார் தெரியாத அளவுக்குக் கரும்புகை.

கரும்புகை வந்தால் டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். அதனால் முதலில் ஏர் ஃபில்டரை மாற்றினேன். டீசல் ஃபில்டரையும் சேர்த்தே மாற்றினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்த வண்டி மூன்றரைக்கு வந்துவிட்டது. வாரம் மூன்று நடை ஓட்டுகிறவனுக்கு அந்த அரை கிலோமீட்டர் என்பது மாதக் கடைசியில் கட்டுகிற டியூ.

அப்புறம் ஒரு பட்டறையில் காட்டினேன். ஸ்கேனரைச் செருகினார்கள், ‘பூஸ்ட் பிரஷர் குறைவு’ என்று பிழைக் குறியீடு, அதாவது கோடு, வந்தது. இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற விசிறிதான் டர்போ. அது கொடுக்கிற அழுத்தம்தான் பூஸ்ட். உடனே, “டர்போ போச்சு, மாத்திடலாம், 45,000 ஆகும்” என்றார்கள். போனெட்டுக்குள் கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொல்லும், எதனால் காய்ச்சல் என்று சொல்லாது. அந்தக் கோடும் அப்படித்தான். பணத்தையும் புரட்ட முடியாத நேரம். வண்டியைத் திருப்பிக்கொண்டு, அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்க்கிற பெரிய மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் டர்போவுக்குள் போகிற ரப்பர் குழாயைக் கழற்றினார். உள்ளே இருந்த சின்ன விசிறியின் நடுக்காம்பை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். லேசாக ஆடியது. எனக்குத் திக்கென்றது.

“பயப்படாத கண்ணு. இது ஆயில் படலத்துல மிதக்கற ஷாஃப்ட். பக்கவாட்டுல இத்தனூண்டு ஆடத்தான் செய்யும். முன்னயும் பின்னயும் இழுத்தா ஆடப்படாது. பிளேடு ஹவுசிங்கில உரசியிருக்கப்படாது. நீயே தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்த்தேன். முன்னும் பின்னும் அசைவே இல்லை. பிளேடு ஓரங்கள் ஒன்றுகூட மழுங்கவில்லை, சுற்றிலும் கீறல் இல்லை. குழாயின் உள்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. அது எல்லா வண்டியிலும் இருக்கும் என்றார், குட்டையாகத் தேங்கி நின்றால்தான் சீல் போயிருக்கிறது என்று பயப்பட வேண்டுமாம். அடுத்து, பூஸ்ட் அளவு மீறாமல் புகையை விலக்கிவிடுகிற வேஸ்ட்கேட் கதவை இயக்கும் ஆக்சுவேட்டருக்குக் கொஞ்சம் காற்று கொடுத்தார். ராடு நகர்ந்தது, காற்றை விட்டதும் தன் இடத்துக்குத் திரும்பியது. புகை வெளியேறுகிற மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கரி படிந்த தடம் இல்லை, சைலன்சரிலும் அடைப்பு இல்லை.

ஸ்கேனரில் ஓடும்போது அதிகபட்சம் 190 கிலோபாஸ்கல் காட்டியிருந்தது. நான் அது முழுவதும் டர்போ கொடுத்த அழுத்தம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இன்ஜின் ஓடாதபோதே, சாவியை மட்டும் திருப்பினால், ஸ்கேனருக்கு அந்த எண்ணைக் கொடுக்கிற அழுத்த சென்சார் 100-ஐ ஒட்டிக் காட்டும். அது நம்மைச் சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தம். அதைக் கழித்தால் டர்போ கொடுப்பது 90-தான், நம் கணக்கில் 13 பவுண்டு (psi). சென்சாரே பொய் சொல்கிறதோ என்ற சந்தேகத்துக்கு, இன்ஜினுக்குள் காற்று போகிற மேனிஃபோல்டில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, நீளமான டியூபை கேபினுக்குள் இழுத்து, டயல் மீட்டர் ஒன்றை மாட்டினார். நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்துப் பயனில்லை. லோடு இருந்தால்தான் புகைக்காற்று டர்போவை வேகமாகச் சுற்றும், அப்போதுதான் பூஸ்ட் ஏறும்.

சரி என்று அடுத்த நடையில் தொப்பூர் ஏறும்போது கிளீனர் பையன் மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தான். “பத்து… பன்னெண்டு… பதிமூணு… அவ்வளவுதாண்ணா, நிக்குது.” சென்சார் சொன்னது சரிதான்.

ஆனால் எவ்வளவு இருக்க வேண்டும்? மச்சானிடம் அதே மாடல் வண்டி இருக்கிறது. அதே மீட்டரை அவர் வண்டியில் மாட்டி, அதே எடை, அதே ஏற்றத்தில் பார்த்தோம். 23 பவுண்டு. புத்தகத்தில் தேடுவதைவிட இது எனக்கு நம்பிக்கையாக இருந்தது. என் வண்டியில் 10 பவுண்டு காற்று எங்கேயோ வழியில் போகிறது.

டர்போவிலிருந்து காற்று இன்டர்கூலருக்குப் போய், அங்கே சூடு தணிந்து, அப்புறம்தான் இன்ஜினுக்குள் போகும். அந்த வழி நெடுக ரப்பர் ஹோஸ்களும் கிளாம்புகளும். ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தோம். டர்போவிலிருந்து இறங்குகிற ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்ப் ஓரமாக, கறுப்பு எண்ணெய்த் தூசி அப்பியிருந்தது. காற்று கசிகிற இடத்தில்தான் எண்ணெய்ப் பிசுக்கும் வெளியே வந்து தூசியைப் பிடிக்கும். வளைத்ததும் விரல் நீள வெடிப்பு வாயைத் திறந்தது. கையை எடுத்தால் மூடிக்கொண்டது. ஹோஸையும் இரண்டு கிளாம்பையும் மாற்றினோம். வேலை முடிந்தது என்று நினைத்து சந்தோஷமாகக் கிளம்பினேன்.

மீட்டர் 17-இல் நின்றது.

பாதி குணமானது ஒரு விதத்தில் ஆபத்து. புகை குறைந்துவிட்டது, வண்டியும் ஓரளவு இழுத்தது. 23 என்ற எண் தெரியாமல் இருந்தால் இதோடு விட்டிருப்பேன். மிச்ச 6 பவுண்டுக்காக மறுபடி ஒரு நாள் வண்டியை நிறுத்தினேன்.

இந்த முறை இன்டர்கூலரைத் தனியாகச் சோதித்தோம். இரண்டு வாய்க்கும் மூடி போட்டார் மெக்கானிக். ஒன்றில் துளை போட்டு டயர் வால்வு ஒன்றைப் பொருத்தியிருந்தார். மூடிகள் தெறித்துவிடாமல் இரண்டையும் சங்கிலியால் கட்டினார். இதை யாராவது செய்வதாக இருந்தால் அந்தச் சங்கிலியை விட்டுவிடாதீர்கள். டயர் கடைக் கம்ப்ரசரில் 100 பவுண்டுக்கு மேல் இருக்கும், ரெகுலேட்டர் வைத்து 30-க்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும், மூடிக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. 30 பவுண்டு ஏற்றி, காற்றை அடைத்துவிட்டு 15 விநாடி எண்ண வேண்டும். 5 பவுண்டு இறங்கினால் பரவாயில்லை. எங்களுக்கு 15 எண்ணி முடிப்பதற்குள் முள் 10-க்கு வந்துவிட்டது.

மறுபடி காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வந்தோம். மேலே ஒன்றும் இல்லை. நடுவில் ஒன்றும் இல்லை. கீழே இடது மூலையில், குழல்கள் பக்கத்துப் பெட்டியோடு சேருகிற இடத்தில், ரேடியேட்டர் பக்கமாக, கண்ணுக்கே தெரியாத இடத்தில் நுரை பொங்கியது. பிரஷ்ஷை எடுத்ததும் கொத்துக் கொத்தாகக் குமிழிகள், உடைந்து உடைந்து மறுபடி வந்தன. ஒரு மாதமாக என்னைப் படுத்திய ஓட்டை, தலைமுடி அளவு விரிசல்.

விரிசல் ஏன் வந்தது என்பதையும் அவர் விடவில்லை. இன்டர்கூலரைத் தாங்குகிற ரப்பர் புஷ் இரண்டும் நைந்து, இரும்பு இரும்போடு இடித்துக்கொண்டிருந்தது. அந்த அதிர்வு முழுவதையும் அந்த மூலைதான் வாங்கியிருக்கிறது. புஷ் மாற்றாமல் ஒட்டியிருந்தால் அடுத்த மாதமே மறுபடி விட்டிருக்கும். அலுமினியம் என்பதால் ஆர்கான் வெல்டிங் வைத்து, மறுபடி 30 ஏற்றி எண்ணினோம். முள் 28-இல் நின்றது. ஹோஸ், கிளாம்ப், புஷ், வெல்டிங், கூலி எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய்.

அன்று ராத்திரியே லோடு ஏற்றினேன். தொப்பூர் வந்தபோது மணி இரண்டு இருக்கும். பையன் டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “இருபது… இருபத்தொண்ணு…” நாலாவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்தோம். டர்போவின் விசில் மறுபடி பழைய மாதிரி கூர்மையாகக் கேட்டது. “இருபத்திமூணுண்ணா!” என்று அவன் கத்திய பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் வருகிற வண்டியின் விளக்கு தெளிவாகத் தெரிந்தது.